கடாரமும் கரையேறியவர்களும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமய, பண்பாட்டு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், இன்று ஆண்டுதோறும் குழுக் குழுவாகத் தமிழ்நாட்டுக்குப் பயணம் போய் வருகிறார்கள். முன்பெல்லாம் 'ஊருக்குப் போகிறேன்' என்றால் உறவினரைப் பார்க்கப் போவது என்று பொருள். தாத்தாவின் ஊர், பாட்டியின் ஊர், அங்கே ஒரு பங்காளி வீடு, ஒரு குலதெய்வம் என்று பயணம் அமையும். அந்த உறவுகள் தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்து, ஊரின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் இன்று பல. ஆகவே பயணத்தின் தன்மையும் மாறிவிட்டது. தஞ்சை, நாகை, கங்கைகொண்ட சோழபுரம், மதுரை, இராமேசுவரம் என்று வரிசையிட்டு, தல யாத்திரையாகவும் கல்விச் சுற்றுலாவாகவும் சேர்த்தே ஏற்பாடு செய்கிறார்கள். இவற்றுள் சில குழுக்கள் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதுண்டு. அவர் போகும் இடத்திலெல்லாம் கல்லின் முன்னால் நின்று அரை மணி நேரம் பேசுவார்.

வழிகாட்டிக்கும் வரலாற்றாசிரியருக்கும் வேறுபாடு உண்டு. தஞ்சைப் பெரிய கோவிலின் விமான நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி சொல்வார், கேட்பவர்களுக்கு மெய்சிலிர்க்கும். வரலாற்றாசிரியர் குழுவை மாலை வெயிலில் அழைத்துச் சென்று, விழுந்து கிடக்கும் நிழலைக் காட்டுவார். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும் இராசராசன் 1010இல் எழுப்பி முடித்த அந்தக் கோவிலுக்கு இல்லாத அதிசயம் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

அறிஞர்கள் குழுவாகக் கடல் கடந்து சென்று, பார்த்தும் பேசியும் வருவது இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1927ஆம் ஆண்டில் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் மலாயாவுக்கு வந்தார். அவர் தனியே வரவில்லை. மொழி வரலாற்றில் பேரறிஞராகிய சுனீதிகுமார் சட்டர்ஜியும், சாந்திநிகேதனத்துக் கலைஞர்கள் இருவரும் உடன் வந்தனர். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று பல ஊர்களில் வரவேற்புகள் நடந்தன. சட்டர்ஜி, விளக்கொளியில் படங்களைத் திரையில் காட்டி இந்தியக் கலையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். பின்னர் இக்குழு ஜாவாவுக்கும் பாலித் தீவுக்கும் சயாமுக்கும் சென்றது. அந்தப் பயணத்தைச் சட்டர்ஜி வங்க மொழியில் பெரியதொரு நூலாகவே எழுதினார். கல்விச் சுற்றுலா என்ற சொல் அன்று வழக்கில் இல்லாவிட்டாலும், அது கல்விச் சுற்றுலாவேயாகும்.

அக்குழு தேடிப் போன பொருள் ஜாவாவின் கற்கோவில்களிலும் பாலியின் சடங்குகளிலும் இருந்தது. கடல் கடந்த இந்தியப் பண்பாட்டை ஆராய்வதற்கென்று 1926இல் கல்கத்தாவில் ஒரு கழகமே தொடங்கப்பெற்றிருந்த காலம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்தவர்களின் சுவடுகளை அறிஞர்கள் ஆர்வத்துடன் தேடினார்கள். அதே காலத்தில் மலாக்காவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் வழியெங்கும், நெகிரி செம்பிலானின் பால்மரக் காடுகளில், கடல் கடந்த தமிழர்கள் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரை பிடித்து, மரத்துக்கு மரம் மங்கு கவிழ்த்துப் பால் வெட்டியவர்கள் அவர்கள். அவர்களின் வாழ்க்கையும் ஒரு வரலாறு என்று அன்றைய கல்வியுலகம் பெரிதாக எண்ணவில்லை. இது அந்த அறிஞர்கள் மேல் சுமத்தும் குற்றமன்று. அக்காலத்தின் பார்வை அத்தகையது. உயிரோடு இருப்பவனைவிட உதிர்ந்த கல்லுக்கே மதிப்பு அதிகமாக இருந்தது.

இனி, தோட்டங்களிலிருந்து புறப்பட்டுச் சென்ற குழு ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். அதில் ஏறக்குறைய நாற்பது பேர். ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்கள், அவர்களின் பிள்ளைகளான ஆசிரியர்கள், எழுத்தர்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையினரும் இருந்தனர். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் நாகப்பட்டினத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அவர் முதலில் குழுவைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பார்ப்பதற்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. மணலும் அலையும் படகுகளும்தாம். ஆனால் அவர் சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகள்கூட அமைதியாயினர். ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் இந்த நாகையில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தான். சிவபக்தனாகிய இராசராச சோழன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அது அவனது 21ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1006. நிலம் 97 வேலி. அதன் வருவாய் ஆண்டுக்கு 8,943 கலத்துக்கும் சற்று மேற்பட்ட நெல். ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் காட்டி உறுதி செய்து, இவை யாவற்றையும் 21 செப்பேடுகளில் பொறித்து, வளையத்தில் கோத்து, இராசேந்திரன் முத்திரையிட்டான். ஒல்லாந்தருடன் கடல் கடந்து நெடுங்காலம் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால், இவற்றை ஆனைமங்கலச் செப்பேடுகள் என்பதோடு லைடன் செப்பேடுகள் என்றும் அழைப்பர்.

கடாரம் என்பது கெடா. பேராசிரியர் இதைச் சொன்னபோது, சுங்கைப் பட்டாணியில் பெண் எடுத்த ஒருவர் தம் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடல் கடந்த அந்த நாட்டின் அரசன் இங்கே ஒரு கோவில் கட்டினான்; இங்குள்ள அரசன் அதற்கு நிலம் கொடுத்தான்; மதம் இருவருக்கும் வேறு. இதைத்தான் அவர் முதலில் சொன்னார். படையெடுப்பைப் பின்னரே சொன்னார். அந்த வரிசையைக் குழுவில் பலர் கவனித்தனர்.

படையெடுப்பு நடந்தது 1025ஆம் ஆண்டு வாக்கில். இராசேந்திர சோழன் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தரசனான சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதாக அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று பத்துக்கும் மேற்பட்ட இடப்பெயர்கள் அதில் அடுக்கிச் சொல்லப்பெறுகின்றன. 'அப்படியானால் சோழர்கள் மலாயாவை ஆண்டார்களா?' என்று ஓர் இளைஞன் ஆவலோடு கேட்டான். ஆம் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும் இடம் அது. பேராசிரியர் அதைச் சொல்லவில்லை. சோழர்கள் அங்கே நிலையாக ஆட்சி நடத்தியதற்குச் சான்று இல்லை என்றும், படை சென்றது, வென்றது, திரும்பியது என்றும் விளக்கினார். 1090ஆம் ஆண்டு வாக்கில், முதற் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்தரசனின் தூதர்கள் மீண்டும் சோழன் அவைக்கு வந்து அதே நாகை விகாரத்துக்காக விண்ணப்பம் செய்தார்கள் என்றார். பகை மறைந்து வாணிகம் தொடர்ந்தது. அந்த விகாரத்தைச் சேர்ந்ததாகக் கருதப்பெற்ற செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை நாகையில் நின்றிருந்து, பின்னர் இடிக்கப்பெற்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் கடலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே கடற்கரையின் இரண்டாவது கதையைத் தொடங்கினார்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய முகாம்கள் சென்னைக்கருகில் ஆவடியிலும், நாகப்பட்டினத்திலும் இருந்தன. கங்காணி ஊரிலே ஆள் திரட்டிக் கொண்டுவருவார். முகாமில் தங்க வைத்துக் கப்பலேற்றுவார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பெற்ற பின்னரும் கங்காணி முறை தொடர்ந்தது. 1907இல் ஏற்படுத்தப்பெற்ற குடிவரவு நிதியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பெற்றது. 1938இல் இந்திய அரசாங்கம் இந்தக் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பல், சென்னையையும் நாகையையும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்த் துறைமுகங்களோடு இணைத்து 1973 வரை ஓடியது. ரஜூலா என்ற பெயரைக் கேட்டவுடன் குழுவிலிருந்த முதியவர்களின் முகம் மாறிவிட்டது. சூடாமணி விகாரத்தைப் பற்றி அவர்கள் அன்றுதான் கேட்டார்கள். ரஜூலாவோ அவர்கள் வீட்டுக் கதை. அடித்தட்டில் படுத்த கதை, வாந்தி எடுத்த கதை, தங்க வைத்துச் சோதித்த கதை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பேராசிரியர் தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். சொற்பொழிவு அத்துடன் நின்று போயிற்று, மாணாக்கர் ஆசிரியரானார்கள்.

மறுநாள் தஞ்சாவூர். பெரிய கோவிலுக்குள் நுழைந்து பெருவுடையாரைத் தரிசித்தபின், பேராசிரியர் குழுவை மதில்களின் பக்கம் அழைத்துச் சென்றார். இராசேந்திரனின் கடல்வெற்றியைக் கூறும் கல்வெட்டு இங்கும் உண்டு. கடாரம் எங்கே இருக்கிறது என்று அறியாமல் முற்கால ஆய்வாளர் சிலர் அதைப் பர்மாவில் தேடியதையும், 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேசு ஸ்ரீவிசயம் என்னும் பேரரசை அடையாளம் காட்டியபின் வழி தெளிந்ததையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். அதன் பின்னர்தான் அன்றைய முதன்மையான பகுதி வந்தது.

அரசனின் வெற்றி இந்தக் கற்களில் ஒரு சிறு பகுதிதான் என்றார் அவர். மீதியெல்லாம் கொடுத்தவர்களின் பெயர்களும் உழைத்தவர்களின் பெயர்களுமாகும். தன் கொடை மட்டுமல்லாமல், தமக்கை குந்தவையார், தேவியர், ஏனையோர் ஆகிய எல்லாருடைய கொடையும் கல்லிலே ஏறவேண்டும் என்பது இராசராசனின் கட்டளை. கோவிலில் ஆடல் பாடல் தொண்டு செய்யத் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைச் சோழ நாட்டுக் கோவில்கள் பலவற்றிலிருந்து அவன் வரவழைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவர் என்று நானூறு பேருக்கும் எழுதியிருக்கிறது. 'மேல் லயம், கீழ் லயம், வீட்டு எண் என்பதுபோல' என்று குழுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பேராசிரியர் மகிழ்ந்து போனார். அதுபோலத்தான், என்றார்.

விளக்கு எரிக்கும் ஏற்பாட்டையும் அவர் விளக்கினார். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையக்கூடாது. ஆகவே அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு யார் வசம் இருக்கிறது என்று இடையரின் பெயரும் கல்லில் ஏறிவிட்டது.

அப்போது குழுவிலிருந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: "ஐயா, ஆடு மேய்ச்சவங்க பேரு ஆயிரம் வருசமா நிக்கிது. எங்க தோட்டத்துக் கோயிலக் கட்டினவங்க பேரு ஒண்ணும் இல்லியே?"

"எழுதி வைத்தார்களா, அம்மா?" என்றார் பேராசிரியர்.

"எழுதினாங்க. தகரப் பலகையில எழுதி உள்ள மாட்டியிருந்திச்சி. கும்பாபிசேகத்துக்குச் சாயம் அடிச்சப்ப கழட்டுனாங்க."

"கழற்றியது இப்போது எங்கே இருக்கிறது?"

மூதாட்டிக்கு விடை தெரியவில்லை. குழுவில் எவருக்கும் தெரியவில்லை.

அன்பர்களே! அந்தக் கேள்வி எல்லாத் தோட்டத்து ஆலயங்களுக்கும் உரியது. ஊரிலிருந்து வரும்போது பிடிமண்ணையும், சூலத்தையும், மனத்தில் ஒரு தெய்வத்தின் பெயரையும் கொண்டுவந்தவர்கள், மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றும் முனீசுவரர் என்றும் வணங்கினார்கள். பிறகு கூரை, பிறகு தகரம், பிறகு சுவர், அதன்பின் கோபுரம். ஒவ்வொரு படியிலும் சம்பளத்திலிருந்து வெள்ளி பிடித்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மணி உபயம், குத்துவிளக்கு உபயம், வெள்ளி அங்கி உபயம் என்று எழுதப்பெற்ற பெயர்களுக்கும் தஞ்சைக் கல்வெட்டுக்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. கல் நின்றது, தகரம் துருப்பிடித்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

கல்லும் தானாக நிற்பதில்லை என்பதைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அக்குழு கண்டது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, அந்தக் கோவிலின் சுற்றுமதிற் கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். எழுத்துள்ள கற்கள் எத்தனை அணைக்குள் போயின என்று இனி எண்ணிப் பார்க்க முடியாது. இந்த நாட்டிலும் அப்படியே. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்சு என்னும் ஆய்வாளர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் தோண்டி வெளிப்படுத்திய பழங்கோவில்கள் உலகறிந்தவை. அவற்றின் வரிசையில் 11ஆம் எண்ணிட்ட சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்செய்தபோது இடிக்கப்பெற்றுவிட்டது என்ற செய்தி 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளியாகிப் பலரையும் வருத்தியது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதென்று கருதப்பெற்ற கட்டடத்துக்கே அந்த நிலை.

தோட்டங்கள் அதைவிட விரைவாக மறைகின்றன. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பெற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதந்தோறும் சேர்த்த பங்குப் பணத்தில் 1961இல் வாங்கிய முதல் தோட்டம் புக்கிட் சீடிம். அது கெடாவில், அதாவது பழைய கடாரத்தில் இருக்கிறது! இராசேந்திரனின் படை வென்று திரும்பிய மண்ணில், பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கியிருக்கின்றன. சுற்றுலாச் சொற்பொழிவுகளில் இந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை. நெகிரி செம்பிலானிலோ, சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் 1891இல் தொடங்கிய இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த தோட்டங்கள், லாபு, சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்கள் யாவும் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறின. நீலாயிலும் செண்டாயானிலும் தோட்ட நிலங்களே நகர்களாயின. லயம் இடிந்தால் மக்கள் சிரம்பானுக்கு வந்து வீடு பார்த்துக்கொள்வர். ஆலயத்தை எப்படியோ பெயர்த்து வேறிடத்தில் எழுப்பி அம்பாளை அமர்த்திவிடுவர். பலகைக்கு யாரும் பொறுப்பாவதில்லை.

இத்தகைய ஆலயங்களின் திருவிழாக்களைக் கல்வியுலகம் கவனிக்கத் தொடங்கியதில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து நவாலியில் 1930இல் பிறந்த சின்னப்பா அரசரத்தினம், ஒல்லாந்தர் ஆவணங்களில் தோய்ந்த வரலாற்றாசிரியர். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மலாயாவின் இந்தியத் திருவிழாக்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் 1966இல் வெளியாயிற்று. மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களின் வரலாறு 1970இல் நூலாயிற்று. அரச ஆவணங்களைப் படித்துப் பழகிய கண், தீமிதியையும் காவடியையும் அதே கவனத்தோடு பார்த்தது. 1927க்கும் 1966க்கும் இடையே வரலாற்றாசிரியரின் பார்வை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது! ஆயினும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு தோட்டத்துப் பலகையையும் படி எடுப்பார் என்று காத்திருக்க இயலாது. சயாம் மரண இரயில் பாதைக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் கொண்டுபோகப்பெற்ற பல்லாயிரம் தோட்டத் தமிழரில் திரும்பாதவர்களின் பெயர்கள் காத்திருக்கவில்லை. சொல்லக்கூடியவர்களோடு அவையும் போய்விட்டன.

சுற்றுலாவிலிருந்து திரும்பிய அக்குழுவினர் சும்மா இருக்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆலயத்துப் பின்னறையைத் திறந்தார்கள். பழைய பந்தற் கால்கள், உடைந்த வாகனத்தின் கால், துருப்பிடித்த பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆகியவற்றுக்கு அடியில் அந்தத் தகரப் பலகை முகங்குப்புறக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் பெயர்கள் தெரிந்தன. பெயருக்கு நேரே லயமும், கொடுத்த தொகையும் எழுதியிருந்தன. ஒரு வெள்ளி கொடுத்தவர் பெயரும் இருந்தது. ஐம்பது வெள்ளி கொடுத்த தண்டல் பெயரும் இருந்தது. மூதாட்டி தம் மாமியாரின் பெயரை அதில் கண்டார். பிள்ளைகள் அதைப் படமெடுத்து, இரண்டு சுவடிகளில் எழுத்தெழுத்தாகப் படி எடுத்தார்கள். பேராசிரியருக்கும் ஒரு படி அஞ்சலில் போயிற்று.

பலகையின் கடைசி மூன்று வரிகளில் சாயம் உதிர்ந்துவிட்டது. 'ஆயக்கொட்டகை' என்பது வாசிக்க முடிகிறது. 'மணி உபயம்' என்பதும் தெரிகிறது. இடையிலுள்ள பெயர் தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மா ஒருவர்தாம் அந்த மணியைக் கொடுத்தார் என்பது மட்டும் முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அந்த அம்மையாரின் பெயரை அறிந்தவர் யாரேனும் இன்றைய திருவிழாவுக்கு வந்திருந்தால், பூசை முடிந்தபின் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுகிறோம். பலகை மண்டபத்தின் இடப்புறத்தில், உண்டியலுக்கு அருகே வைக்கப்பெற்றிருக்கிறது.